ஏழு தலைமுறை நான்காகிய வரலாறு

நம்மவர் இல்லங்களில் விவாகப் பேச்சு எழுந்தவுடன், பொருளும் பொருத்தமும் நோக்கப்படுவதற்கு முன்னரே ஆராயப்படுவது முறை. மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். சிற்றப்பன் மகளும் பெரிய தாயார் மகளும் தங்கையர். இரத்தக் கலப்பை மட்டும் நோக்கின் இவ்விரு திறத்தாரும் ஒரே தூரத்தில் நிற்பவரே. அங்ஙனமாகவும் ஒருத்தி மணத்திற்கு உரியவள்; மற்றொருத்தியை மணக்க நினைத்தலும் பாதகம். ஏன் என்று நம்மிடையே எவரும் கேட்பதில்லை. 'தங்கை' என்று அழைக்கப்படுபவளை மணத்தல் எங்ஙனம்? உறவுப் பெயரிலேயே விடை அடங்கிக் கிடக்கின்றது.

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களுள் கத்தோலிக்க மார்க்கத்தைத் தழுவியனவும் சில உள. அவர்கள் இல்லத்தில் மாமன் மகளைப் பேசினால் பெரியோர் சம்மதம் மட்டும் போதாது. பங்குக் குருவானவரிடம் உறவைத் தெரிவித்து, மேற்றிராணியாரின் விலக்கு உத்தரவையும் பெறல் வேண்டும். இதனைக் காணும் ஏனையோர், "உரிமைப் பெண்ணை மணப்பதற்கும் உத்தரவா?" என்று வியக்கின்றனர். இவ்வழக்கம் யாண்டுத் தோன்றிற்று, எவ்வாறு வளர்ந்தது, எவரெவர்க்கு என்ன துன்பம் விளைத்தது என்பவற்றை ஒருவாறு எழுதிவைத்தல் நம் மக்களுக்குப் பயன்படுமென்று கருதுகிறோம்.

திருச்சபைச் சட்டத்தில் விவாகத்திற்கு இடையூறாய் நிற்பனவற்றை விக்கினங்கள் என்பர். பழைய சட்டத்தில் இவை இருவகைப்பட்டன. ஒன்று தடுக்கும் விக்கினம். அதனை மீறி மணந்தோர் குற்றவாளிகளாயினும் மணம் நிற்கும். மற்றொன்று அழிக்கும் விக்கினம். அஃது இருப்பின் மணச் சடங்கு எத்துணைச் சிறப்பாக நடந்திருப்பினும் மணமே நிகழ்ந்ததில்லை என்பது சட்டத்தின் கொள்கை. இரத்தவுறவு, விவாகத்தால் வரும் சம்பந்தவுறவு, ஞானஸ்நானத்தில் கைதொட்டோருக்கு உண்டாகும் ஞானவுறவு, முந்திய மணம், குருப்பட்டம் முதலியன இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை முறைப்படி நிறைவேறிய மணத்தை மனிதர் முறித்தலை ஒப்புக்கொள்வதில்லை. மனைவியைத் தள்ளிவைக்க விரும்புவோனுக்கு முன்வாயில் அடைபட்டுவிட்டது. ஆனால் "இவள் என் மனைவியாக என்றும் இருந்ததில்லை, எங்களுக்குள் உறவு விக்கினம் உண்டு" என்று மெய்ப்பிக்கக் கூடுமாயின், கொல்லைப்புற வாயில் ஒன்று திறக்கும். உறவின் எல்லை எத்துணை அகலுமோ அத்துணைக்கு அவ்வாயிலும் அகலும். இதுவே நாம் சொல்லவந்த வரலாற்றின் உயிர்நிலை.

உறவை எண்ணும் வகை இரண்டு. பண்டை உரோமர், இருவரில் ஒருவரிடமிருந்து பொது மூதாதை வரை ஏறி, அவரிடமிருந்து மற்றவர் வரை இறங்கி, வழியிலுள்ள பிறப்பு ஒவ்வொன்றையும் ஒரு படியாக எண்ணினர். அக்கணக்கில் உடன்பிறந்தார் இரண்டாம் படி. மாமனும் மருமகளும் மூன்றாம் படி. அத்தை மகனும் மாமன் மகளும் நான்காம் படி. வட ஐரோப்பிய சாதியாரோ ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினர். அவர் கணக்கில் உடன்பிறந்தார் முதற்படி. அவர்தம் மக்கள் இரண்டாம் படி. பேரர் மூன்றாம் படி. இருபக்கமும் சமமில்லாவிடில் நீண்ட பக்கமே கணக்கிற்கு வரும்.

உரோமர் செய்தி ஒன்று நம்மவர்க்கு வேடிக்கையாகத் தோன்றும். கிளாடியஸ் என்னும் சக்கரவர்த்தி கி.பி. 49-ல் தன் தமையன் மகளாகிய அக்கிரிப்பீனாளை மணக்க விரும்பினான். அதுகாறும் அது தகாத உறவு. அரசன் ஆசையை அறிந்த ஆலோசனைச் சபையார் சட்டத்தையே மாற்றிக் கொடுத்தனர். ஆனால் மாற்றிய சட்டமும் சகோதரன் மகளை மட்டுமே அநுமதித்தது. சகோதரி மகள் விலக்கப்பட்டவளாகவே நின்றாள். நம் நாட்டு வழக்கமோ நேர்மாறு. தமக்கை மகளை மணத்தல் பல குலங்களில் இயல்பு. தமையன் மகளோ தன் மகளே ஆவாள். ஒரு நாட்டின் முறை மறு நாட்டின் முறைகேடாதல் இங்ஙனம். கிளாடியஸ் பெற்ற சலுகை 342-ம் ஆண்டில் இரத்தாயிற்று.

நிற்க. திருச்சபையார் ஏழாம் படி வரை மணம் ஆகாதென்று விதித்திருந்தனர். ஏழு என்பது எக்கணக்கில் என்ற வழக்கு பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியாவில் முற்றிற்று. இராவென்னா நகரத்துச் சட்டவல்லுநர் உரோமர் கணக்கே சரியென்றனர். அர்ச். பேதுரு தமியான் அவர்களை மறுத்து நூலொன்று எழுதினார். 1063-ம் ஆண்டளவில் இரண்டாம் அலெக்சாந்தர் பாப்பரசர், ஒரு பக்கக் கணக்கே திருச்சபைக் கணக்கு என்று தீர்ப்பளித்தார். எண் மாறவில்லை, எண்ணும் முறையே உறுதியாயிற்று. அதனால் விளைந்த வேறுபாடோ பெரிது.

எத்துணைப் பெரிதென்பதை விரல்விட்டே காணலாம். ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டே மக்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒருவனுக்கு உடன்பிறந்தார் ஒருவர். இரண்டாம் படியில் நால்வர். மூன்றாம் படியில் பதினாறு பேர். இவ்வாறு படிதோறும் நான்கு மடங்காகப் பெருகி, ஏழாம் படியில் மட்டும் 4,096 பேர் நிற்பர். ஏழு படியும் கூட்டினால் அவன் தலைமுறையில் உறவினர் 5,461 பேர். அவருள் பாதிப்பேர் பெண்கள் எனினும், ஒரு சிற்றூரில், அல்லது தங்களுக்குள்ளேயே மணந்துவரும் அரச குலங்களில், ஒருவனுக்குப் பெண் எங்கே கிடைக்கும்? மூன்று நான்கு மக்கள் எனக் கொள்ளின் தொகை பின்னும் ஏறும். தன் ஏழாந் தலைமுறை முன்னோர் 128 பேரையும் பெயர் சொல்லவல்லார் அக்காலத்திலும் இலர், இக்காலத்திலும் இலர். அறியாமலே மீறக்கூடிய சட்டம் அது.

மீறினோர் எளியவராயின் எவரும் கேட்பாரில்லை. மன்னராயின் கேட்போர் உண்டு. பிரான்சு தேசத்து இரண்டாம் ரொபேர் மன்னன் பெர்த்தா என்னும் பிரபுகுல விதவையை மணந்தான். இருவர்தம் பாட்டியரும் உடன்பிறந்த சகோதரிகள். ஆகவே மூன்றாம் படி உறவு. அஃதன்றி, பெர்த்தாளின் முதற்கணவனுக்குப் பிறந்த பிள்ளையொன்றுக்கு ரொபேர் ஞானத்தகப்பனாகவும் நின்றவன். பாப்பரசர் ஐந்தாம் கிரகோரி தலைமையில் உரோமையிற் கூடிய சங்கம் பிரிந்துபோகும்படி கட்டளையிட்டு, ஏழாண்டுத் தவமும் விதித்தது. மன்னன் சில ஆண்டு தயங்கி, பின்னர் அவளை விடுத்து, கொன்ஸ்தான்ஸ் என்பவளை மணந்தான். ரொபேர் அவளை நேசித்தே மணந்தவன் என்பர். அவன் விஷயத்தில் சட்டம் விரும்பாதவனைப் பிரித்தது.

நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின்னர் அதே சட்டம் விரும்பியவனைப் பிரிக்கப் பயன்பட்டது. இந்த ரொபேர் வழிவந்த ஏழாம் லூயி மன்னன், அக்குயித்தேன் நாட்டுக்கு உரியவளான எலெயனோரை 1137-ல் மணந்தான். இரண்டு பெண்மக்கள் பிறந்தனர், ஆண்மகவு இல்லை, மனமும் ஒவ்வவில்லை. மூன்றாம் யுஜீன் பாப்பரசர் ஒருமுறை இருவரையும் ஒன்றுபடுத்தி, உறவைப் பற்றி இனி எவரும் பேசலாகாதென்றும் தடுத்தார். எனினும் 1152-ம் ஆண்டு மார்ச்சு மாதம் பொழான்சி என்னும் ஊரிற் கூடிய மேற்றிராணிமார், இரத்தவுறவு காரணமாக அம்மணம் செல்லாதென்று தீர்த்தனர். ரொபேர் மன்னனிலிருந்து லூயி நான்காம் தலைமுறை. எலெயனோர் ஐந்தாம் தலைமுறை. பதினைந்து ஆண்டு இல்லறம் நடத்திய பின்னரே இவ்வுறவு நினைவுக்கு வந்தது!

எட்டு வாரம் கழிந்தது. மே மாதம் 18-ந் தேதி எலெயனோர், பின்னர் இங்கிலாந்து மன்னனான ஹென்றியை மணந்தாள். அவ்விருவருக்கும் பொது மூதாட்டி ஆஞ்சூ நாட்டு எர்மெங்கார்த். அவளிடமிருந்து எலெயனோரும் நான்காம் தலைமுறை; ஹென்றியும் நான்காம் தலைமுறை. அதாவது, தள்ளப்பட்ட கணவனைவிடப் புதிய கணவனே நெருங்கிய உறவினன். அம்மணத்தை எவரும் அழிக்கவில்லை. அதனால் மக்கள் எண்மர் பிறந்தனர். சட்டம் உறவைக் காத்ததா, அரசர் கருத்தைக் காத்ததா என்பதை வாசகரே ஓர்ந்துகொள்க.

இனி, நம் நெஞ்சை மிக வருத்தும் வரலாற்றுக்கு வருவோம். லூயிக்குப் பிற்கால மனைவியிடம் பிறந்தவன் பிலிப்பு மன்னன். முதல் மனைவி இசபெல்லாள் இறந்தபின், இவன் தென்மார்க்கு தேசத்து அரசன் தங்கை இங்கெபோர்க்கை 1193-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி அமியேன் நகரில் மணந்தான். பெண்ணுக்கு ஏறக்குறையப் பதினெட்டு வயது. பதினாயிரம் மார்க்கு வெள்ளி சீதனமாக வந்தது. மறுநாள் அவளுக்கு முடிசூட்டும் வேளையில் மன்னன் முகம் வெளுத்து நடுங்கினான். சடங்கு முடிந்ததும் அவளைத் திருப்பி அனுப்பிவிட எண்ணினான். காரணம் யாதென்று அன்றும் எவருக்கும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

மூன்று மாதங்கூட ஆகவில்லை. நவம்பர் மாதத் தொடக்கத்தில் கொம்பியேன் என்னும் ஊரில் மேற்றிராணிமாரும் பிரபுக்களும் கூடினர். தலைமை வகித்த ரேம்சு நகரத்து அதிமேற்றிராணியார் மன்னனுக்குத் தாய்மாமன். இங்கெபோர்க்கும், இறந்துபோன இசபெல்லாளும் உறவினர். ஆகவே மன்னனுக்கும் இவளுக்கும் சம்பந்தவுறவு விக்கினம் உண்டு என்று வமிசாவளி ஒன்று காட்டப்பட்டது. பதினைவர் அதற்குச் சத்தியஞ் செய்தனர். மணம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பிரெஞ்சு மொழி அறியாத அப்பெண், தீர்ப்பை மற்றொருவர் எடுத்துச் சொல்லக் கேட்டு, தான் உரோமைக்கு முறையிடுவதாகத் தனக்குத் தெரிந்த சில இலத்தீன் சொற்களால் கூவினாள். அந்நிய தேசத்தில், பெற்றோர் உற்றோர் அருகிலின்றி நின்ற ஒரு பெண்ணுக்கு எஞ்சிய ஆயுதம் அவ்வொன்றே.

தென்மார்க்கிலிருந்து வேறொரு வமிசாவளி உரோமைக்குப் போயிற்று. கொம்பியேனிற் காட்டியது பொய்யென அது மெய்ப்பித்தது. செலஸ்தீன் பாப்பரசர் 1195-ல் அத்தீர்ப்பைத் தள்ளினார். பிலிப்பு செவிசாய்க்கவில்லை, 1196-ல் மெரான் நாட்டு ஆக்னெசு என்பவளை மணந்தான். இங்கெபோர்க் மடங்களிலும் கோட்டைகளிலும் அடைபட்டுக் கிடந்தாள். 1198-ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் இன்னொசெந்து பாப்பரசர் மிக்க உறுதியுடையவர். அவர் கட்டளையால் 1200-ம் ஆண்டு ஜனவரி முதல் பிரான்சு தேசத்தில் கோயிற் கதவுகள் மூடப்பட்டன. திவ்விய பூசை நின்றது. இறந்தோரைச் சடங்குடன் புதைக்கவும் இயலாதாயிற்று. மன்னன் செய்த பிழைக்குக் குடிகள் பட்டினி கிடந்ததுபோல ஆயிற்று. செப்டம்பரில் பிலிப்பு பணிந்ததாகக் காட்டினான். தடை நீங்கிற்று. 1201-ல் சுவாசோன் நகரில் வழக்கு நடக்கையில், தீர்ப்பு தனக்கு விரோதமாகும் என்று கண்டு, இங்கெபோர்க்கை மனைவியாக ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அழைத்துப்போனான். போனவன் மீண்டும் சிறையிலே வைத்தான். அவளுக்குத் தன் இடம் திரும்பக் கிடைத்தது 1213-ல். இருபது ஆண்டுக்காலம்! அவள் ஒருநாளும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தவளல்லள். 1223-ல் பிலிப்பு இறந்த பின்னும் விதவை இராணியாகப் பல்லாண்டு கௌரவத்துடன் வாழ்ந்தாள்.

இவ்வழக்கைப் பதினைந்து ஆண்டு கையிற் கொண்டிருந்த இன்னொசெந்து பாப்பரசரே, 1215-ம் ஆண்டு நவம்பரில் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்தைக் கூட்டினார். அச்சங்கம் ஏழு படியை நான்காகக் குறைத்தது. மனித விதிகள் காலத்திற்கேற்ப மாறுதல் குற்றமன்று என்று வெளிப்படையாகவே சொல்லிற்று. நான்கு என்னும் எண்ணுக்குச் சங்கத்தார் கூறிய காரணம், உடலில் தாதுரசங்கள் நான்கு, அவை நான்கு பூதங்களால் ஆயவை என்பது. வைத்திய சாஸ்திரத்தை நோக்கின் அக்காரணம் இன்று நில்லாது. ஆனால் மேலே நாம் போட்ட கணக்கின்படி 5,461 பேராயிருந்த விலக்கப்பட்ட உறவினர் 85 பேராகச் சுருங்கினர் என்பது நிற்கும். அடுத்த விதியில், மணம் பேசியவர்களின் பெயரைக் கோயிலில் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும், உறவு தெரிந்தோர் அப்போதே சொல்லுதல் வேண்டும் என்றனர். இன்றைக்கும் நம் கிறிஸ்தவ அன்பர்கள் 'ஓலை வாசித்தல்' என்பது அதன் வழிவந்ததே. அதற்கடுத்த விதி இன்னும் முக்கியமானது: கேள்விப்பட்டதைக் கொண்டு உறவுச் சாட்சி சொல்வோரை எளிதில் நம்பலாகாது, சாட்சிகள் நாணயமுள்ளவராய், மூதாதையரைப் பெயர் சொல்லிப் படி எண்ணிக் காட்டவல்லவராய் இருத்தல் வேண்டும் என்பது. கொம்பியேனிற் சத்தியஞ் செய்த பதினைவரை மனத்தில் வைத்தே இவ்விதி எழுந்ததென்று கூற நம்மிடம் சான்றில்லை. ஆயினும் அதனைப் படிக்குந்தோறும் அவர்கள் நினைவு வருகின்றது.

மேலே கூறிய எலெயனோர் வழக்கை இப்புதிய அளவுகோலால் அளந்தால் ஒரு விந்தை புலப்படும். ரொபேர் மன்னன் வழியாக வந்த உறவில், நீண்ட பக்கத்தைக் கொண்டு எண்ண, லூயியும் அவளும் ஐந்தாம் படி, தடையில்லை. ஹென்றியும் அவளும் நான்காம் படி, தடை உண்டு!

பெற்றோர் மணம் அழிந்தால் பிள்ளைகள் கதி யாது? இக்கேள்வியே நம்மைக் குருப்பட்ட விக்கினங்களுக்குக் கொண்டுபோகின்றது. விக்கினத்தை அறியாது நல்லெண்ணத்துடன் மணந்தோருக்குப் பிறந்த மக்கள் முறையான மக்களே என்னும் நியாயம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேரூன்றிற்று. எலெயனோரின் இரு பெண்களும் அதனால் பிழைத்தனர். ஆக்னெசு 1201-ல் இறந்தபின், பிலிப்பு வேண்டிக்கொண்டபடி, அவள் மக்கள் இருவரையும் இன்னொசெந்து முறையானவர்களாக்கினார். இதையறிந்த மொன்பெலியே நகரத்துப் பிரபு வில்லியம் தன் மக்களுக்கும் அச்சலுகையைக் கேட்க, 1202-ல் பாப்பரசர் மறுத்துவிட்டார்.

முறையற்ற பிறப்பு என்னும் வடு வாரிசுரிமையை மட்டுமா கெடுத்தது? 1078-ல் பொவாத்தியே நகரிற் கூடிய சங்கம், குருமாரின் மக்களும் மணமின்றிப் பிறந்த பிறரும், துறவிகளானாலன்றிப் பட்டம் பெறலாகாது என்றது. 1139-ல் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், உயர்பட்டம் பெற்றோர் செய்யும் மணம் மணமே அன்று என்று தீர்த்தது. குருமாரின் மக்களைப் பீடப்பணியினின்றும் விலக்கிற்று. அக்காலத்தில் குருப்பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்துப்போல இறங்கிவந்தது உண்மை. கோயில் நிலங்கள் குடும்பச் சொத்தாகாமற் காக்கவே இவ்விதிகள் பிறந்தன என்பதும் உண்மை. நோக்கம் நன்றாயினும், தண்டனை விழுந்தது பிறந்த பிள்ளையின் தலையில். பேரறிஞர் எராஸ்மு குரு ஒருவரின் மகனாக மணமின்றிப் பிறந்தவர். அவர் துறவியாகிக் குருப்பட்டமும் பெற்றார். எனினும் திருச்சபை மானியங்களைப் பெறுதற்கு 1506-ல் ஒரு பாப்பரசரிடமும் 1517-ல் மற்றொரு பாப்பரசரிடமும் தம் பிறப்பைச் சொல்லி விலக்கு வாங்க நேர்ந்தது. ஐரோப்பா முழுதும் புகழ்ந்த முதுமகனுக்கே இக்கதி.

இது பொதுச்சட்டம். தனித்தனி நாடுகளில் இதனினும் கொடிய விதிகள் எழுந்தன. 1555-ல் மெக்சிக்கோவிற் கூடிய மாகாணச் சங்கம், அந்நாட்டுப் பூர்வீகக் குடிகளுக்கும், கலப்பிற் பிறந்தோருக்கும், ஆப்பிரிக்க வழியினருக்கும் பட்டம் அளித்தலாகாது என்றது. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கம் நம்மிடமும் இருந்துவருதலின், பிறரைக் குறைகூற நமக்குள்ள உரிமை சிறிதேயாம்.

குருப்பட்ட விக்கினங்கள் பாவத்திற்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல. 325-ல் நீசேயா பொதுச்சங்கத்தின் முதல் விதியே, தன்னைத்தானே ஊனப்படுத்திக்கொண்டவன் குருவாகலாகாது. வைத்தியராலோ பகைவராலோ ஊனமானவன் ஆகலாம் என்று பகுத்துரைக்கின்றது. பிற்காலத்தில் குற்றமற்ற உடற்குறையும் தடையாயிற்று. கானடா நாட்டில் ஊழியஞ்செய்த இசாக் ஜோகு என்னும் இயேசு சபைக் குரு 1642-ல் பகைவர் கையில் அகப்பட்டு, விரல்கள் கடித்தும் வெட்டியும் சிதைக்கப்பட்டார். தப்பிப் பிரான்சு சேர்ந்தபோது, சட்டப்படி அக்கைகளால் அவர் பூசை செய்யலாகாது. எட்டாம் உர்பன் பாப்பரசர் மகிழ்ந்து விலக்கு அளித்தார். ஜோகு திரும்பவும் அந்நாட்டுக்கே சென்று 1646-ல் கொலையுண்டார். மரணதண்டனை விதித்த நியாயாதிபதிக்கும், அதனை நிறைவேற்றும் கொலையாளிக்கும் பழைய சட்டத்தில் பட்டம் இல்லாதிருந்தது. அவர்கள் குற்றவாளிகள் என்றன்று, குருவுக்கு வேண்டிய சாந்தத்திற்கு அத்தொழில் ஒவ்வாது என்று. ஒன்றன்பின் ஒன்றாக இருமுறை மணந்தவனுக்கும் இல்லாதிருந்தது. பழங்காலத்தில் விதவையை மணந்தவனுக்கும் இல்லை.

விவாகத்திற்கு மீள்வோம். 1537-ல் மூன்றாம் பவுல் பாப்பரசர் அமெரிக்கப் பூர்வீகக் குடிகளுக்கு இரண்டாம் படிக்கு அப்பால் தடையில்லை என்று சலுகையளித்தார். ஐரோப்பியருக்கு நான்கு படியும் நின்றன. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் ஞானவுறவைச் சுருக்கிற்று. விலக்குகளை அருமையாகவே தரவேண்டும் என்றது. இரண்டாம் படியிலோ, பெரிய அரசர்களுக்கிடையே பொதுக் காரணம்பற்றியன்றி ஒருபோதும் தரலாகாது என்றும் விதித்தது. ஏழைக்கு எட்டாத கனி அரசனுக்கு எட்டிற்று. ஏழே ஆண்டில், 1570-ல், ஸ்பானியா தேசத்து இரண்டாம் பிலிப்பு மன்னன் தன் சொந்தத் தங்கை மரியாளின் மகள் அன்னாளைப் பாப்பரசர் விலக்குடன் மணந்தான். அவன் பேரன் நான்காம் பிலிப்பும் 1649-ல் தன் தங்கை மகளையே மணந்தான். உடன்பிறந்தாள் மகளைக் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டுக்கே உரியதென்று எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்வாராக. இரண்டாவது மணத்திற் பிறந்த சார்லசு பிறவியிலிருந்தே நோயாளி. 1700-ல் மகப்பேறின்றி இறக்க, அவ்வரியணைக்காக ஐரோப்பாவெங்கும் போர் மூண்டது. ஒரு குடும்பத்துள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்ததன் பலனை நம் இல்லத்துப் பெரியோர் சற்றே சிந்தித்தல் நலம்.

1917-ல் வெளியாகி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தொகை, நான்காம் படியை மூன்றாகக் குறைத்தது. முறையற்ற பிறப்போ குருப்பட்ட விக்கினமாகவே நீடித்தது. மேற்றிராணியாவதற்குப் பெற்றோர் பின்னர் மணந்து முறைப்படுத்தினும் போதாது என்றிருந்தது. 1983-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி நடைமுறைக்கு வந்த இப்போதைய சட்டத்தொகையில் அவ்விக்கினம் காணப்படவில்லை. பொவாத்தியே சங்கத்திற்கும் அதற்கும் இடையே தொள்ளாயிரத்தைந்து ஆண்டுகள். தடுக்கும் விக்கினம், அழிக்கும் விக்கினம் என்ற பாகுபாடும், ஞானவுறவு விக்கினமும் உடன் மறைந்தன.

அச்சட்டத்தொகை உறவை எண்ணுதற்குப் பழைய உரோமர் கணக்கையே மீண்டும் எடுத்துக்கொண்டது. பேதுரு தமியான் மறுத்த இராவென்னா வல்லுநர் ஒருவாறு வென்றனர் எனலாம். அக்கணக்கில் நான்காம் படி வரை தடை. எனவே மாமன் மகளும் அத்தை மகளும் சிற்றப்பன் மகளும் பெரிய தாயார் மகளும் ஒரே வரிசையில் நான்காம் படியிலும், தமக்கை மகளும் தமையன் மகளும் மூன்றாம் படியிலும் நிற்கின்றனர். உரிமைப் பெண் என்றும் தங்கை என்றும் நம் மொழி செய்யும் வேற்றுமை அச்சட்டத்திற்குத் தெரியாது. உடன்பிறந்தாருக்கும் நேர்வழி உறவினருக்கும் எக்காலத்தும் விலக்கில்லை. மற்றவர்க்குத் தக்க காரணங் காட்டின் மேற்றிராணியார் விலக்கு அளிக்கலாம். அவ்விலக்கைப் பெறாது நடந்த மணம் சட்டப்படி மணமாகாதாதலின், நம் கத்தோலிக்க அன்பர்கள் ஓலை வாசிப்பதற்கு முன்னரே, பொதுப் பாட்டன் பாட்டியின் பெயரை மேலே எழுதி, இரு கிளைகளையும் கீழே பிரித்துக் காட்டிக் குருவானவரிடம் கொடுத்துவிடுதல் வேண்டும்.